வலிக்காத கைக்கு என்ன வைத்தியம்?

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்பது உலகம் முழுக்க வேரோடிப்போன பழைய நம்பிக்கை. நோயாளியை ஊருக்கு வெளியே நிறுத்தியதற்கும் பெற்ற பிள்ளைகளே சோறு வைக்க அஞ்சியதற்கும் அது துணைபோனது. 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதன் பிறகும் நம்பிக்கை அசையவில்லை. கிருமிதான் சதையைத் தின்கிறது என்று அதற்குப் புதிதாக ஓர் அறிவியல் சாயம் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். இந்த எண்ணத்தை ஆதாரத்தோடு உடைத்த ஆய்வுகள் நம் பக்கத்தில், வேலூரிலும் செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் நடந்தன. 1940-களின் கடைசியில் தொடங்கிய அந்த ஆய்வுகள் தொழுநோய்க்கு மட்டும் உரியவை அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இருசக்கர வாகன விபத்தில் தோள் நரம்பு அறுந்தவர், கண்ணாடி குத்தி மணிக்கட்டு நரம்பு வெட்டுப்பட்டவர், இருபது வருடச் சர்க்கரை நோயில் பாதம் மரத்தவர் என்று எல்லாருக்கும் அவை பொருந்தும். எலும்பு கூடிவிட்டது, விரல் அசைகிறது என்பதோடு ஒரு கை காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு முடிக்கிறோம். அந்தக் கைக்கு உணர்வு இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்கிறேன்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மலைமக்களிடையே ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, தோல் மருத்துவ வல்லுநரான ராபர்ட் காக்ரேனிடம் நோயாளிகளின் மடங்கிய விரல்களைப் பற்றிக் கேட்டார். எலும்பு, மூட்டு வைத்தியம் படித்த எவரும் இந்தக் கைகளை ஆராய முன்வந்ததே இல்லை என்ற பதில் கிடைத்தது. லட்சக்கணக்கானவர்களை முடமாக்கிய நோய்க்கு முட நீக்கியல் நிபுணர் ஒருவர்கூட வரவில்லை. விரல்கள் மடங்கி விறைத்த ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்க முடியவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது. கை முழுவதும் செத்துவிடவில்லை, சில தசைகள் மட்டும் செயலிழந்து மற்றவை முழு வலுவோடு இருக்கின்றன என்பது அந்தப் பிடியிலேயே விளங்கிவிட்டது. எவை இழந்தன, எவை தப்பின, ஏன் என்பதுதான் அடுத்த வேலை.

விடை நரம்புகளின் பாதையில் இருந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் செழிப்பது. ஆகவே நரம்பு தோலுக்கு அருகே மேலோட்டமாக ஓடும் இடங்களில் அது அதிகம் தாக்குகிறது. முழங்கையின் உள்பக்க எலும்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் ‘சுரீர்’ என்று இழுக்குமே, அந்த அல்னார் நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே தாக்கப்படுகிறது. மீடியன் நரம்பு மணிக்கட்டுக்கு மேலே தாக்கப்படுகிறது. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகளை இயக்குபவை இவ்விரண்டும்தான். விரலை அடிமூட்டில் மடக்கி நுனியை நீட்டுவது அந்தச் சிறு தசைகளின் வேலை. எழுதுகோல் பிடிக்கவும் சோற்றை உருட்டவும் பொத்தான் போடவும் அந்த நிலை வேண்டும். அவை செயலிழந்தால் அடிமூட்டு பின்னோக்கி வளைய, நுனி மூட்டுகள் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஆனால் மீடியன் நரம்பு முழங்கைப் பக்கம் ஆழத்தில், கதகதப்பில் ஓடும்போது பிரியும் கிளைகள் பாதிப்பதில்லை. அதனால் முன்கையின் பெரிய தசைகள் பிழைத்துக்கொள்கின்றன. பிராண்டின் கையை நசுக்கியது அந்தத் தசைகளின் பலம்தான்.

இருப்பதை எடுத்து இல்லாத இடத்தில் வைப்பதுதான் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. போலியோவிலும் நரம்புக் காயங்களிலும் மேலைநாட்டு மருத்துவர்கள் ஏற்கெனவே செய்துவந்த முறை இது. ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு மேலடுக்கில் ஒன்று, ஆழத்தில் ஒன்று என இரண்டு தசைநாண்கள் உண்டு. மேலடுக்கு நாணைக் கடன் வாங்கினாலும் விரல் மடங்கும். மோதிர விரலின் மேலடுக்கு நாணை அது ஒட்டியிருக்கும் இடத்தில் வெட்டி, உள்ளங்கைக்குள் இழுத்து, நீளவாக்கில் நான்கு இழைகளாகப் பிளக்க வேண்டும். ஒவ்வோர் இழையையும், செயலிழந்த சிறு தசை ஓடிய அதே சுரங்கப் பாதையில் நுழைத்து, விரலின் பக்கவாட்டில் முதுகுப்புறம் ஏற்றி, நீட்டும் நாணோடு தைக்க வேண்டும். இழை சற்றுத் தளர்ந்தால் விரல் பழையபடி மடங்கும். சற்று இறுகினால் எதிர்ப்பக்கம் வளையும். நான்கு விரலிலும் இழுவை ஒன்றுபோல் அமைய வேண்டும். பிறகு சில வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பின் பயிற்சி: மோதிர விரலை மடக்க நினைத்தால் இப்போது நான்கு விரல்களும் அடிமூட்டில் மடங்கி நுனியில் நிமிரும், அதை மூளை பழகிக்கொள்ள வேண்டும். 1948-ல் வேலூரில் ஒரு தொழுநோயாளியின் கையில் பிராண்ட் முதன்முதலாக இத்தகைய சீரமைப்பைச் செய்தார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, தையல் பிடிக்காது, புண் ஆறாது என்று பலரும் எச்சரித்திருந்தார்கள். புண் எல்லாரையும்போல் ஆறியது. கெட்ட சதைக் கொள்கைக்கு விழுந்த முதல் அடி அதுதான். ஆனால் அதன் முழுப் பொருள் பல மாதம் கழித்துத்தான் துலங்கியது.

கை நிமிர்ந்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பிச்சை எடுத்தவர்கள் தச்சுக் கற்றார்கள். சிகிச்சை முடிந்தவர்கள் தங்கித் தொழில் பழகுவதற்கென்று மருத்துவமனை அருகே ‘நவ ஜீவ நிலையம்’ உருவானது. அங்குதான் ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. சரி செய்யப்பட்ட கைகள் முன்னைவிட வேகமாகப் புண்பட்டன. காரணம் எளிது: முன்பு அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது, இப்போது முடிகிறது. சுத்தியலின் பிடியில் பிசிறு இருந்தாலும் தெரியாது, உளியின் கைப்பிடி காய்ப்புக் காய்க்க அழுத்தினாலும் தெரியாது. ஒருமுறை ஒரு பூட்டுத் துருப்பிடித்துத் திறக்க மறுத்தபோது, நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் சதை எலும்பு வரை கிழிந்திருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. அடுப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததைக் கண்டு, ஒருவரை விழித்திருந்து பார்க்கச் சொன்னார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவர் அசையவில்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சிரிப்பதற்கல்ல, அது மருத்துவக் குறிப்பில் சேர வேண்டிய சிகிச்சை.

பிராண்டும் உடன் உழைத்தவர்களும் செய்த ஆராய்ச்சி ஆடம்பரமற்றது. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் தேடுவது என்று வைத்துக்கொண்டார்கள். எந்தக் கருவி, எந்த நேரம், எவ்வளவு சூடு என்று விசாரித்தார்கள். தானாக வந்தது என்று நோயாளி சொன்ன புண்ணுக்குப் பின்னால் ஒரு சூடான டம்ளரோ, ஒரு மண்வெட்டிக் காம்போ இருந்தது. விரல் உதிர்வதையும் விளக்க முடிந்தது. காயத்தில் சீழ் பிடித்து, அது எலும்புக்குள் இறங்கி, எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட, விரல் குட்டையாகிக்கொண்டே வருகிறது. நகம் மட்டும் குட்டை விரலின் நுனியில் எஞ்சும். விழுந்து கிடக்கும் விரலை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் விரல் விழுவதில்லை. இன்னும் வலுவான சான்று மாவுக்கட்டு. பல ஆண்டு ஆறாத பாதப் புண்ணைச் சுத்தம் செய்து, கால் முழுவதும் ஒட்டிப் பதியும் மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தம் ஓரிடத்தில் சேராமல் பரவவிட்டால், சில வாரங்களில் புண் மூடியது. கிருமிக்கான மருந்து மாறவில்லை. அழுத்தம் மட்டும்தான் மாறியது.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: தொழுநோய்க் கிருமி உடலில் இருக்கும்போதே இவை நடந்ததால், கிருமிக்குப் பங்கில்லை என்று எப்படித் தீர்ப்பது? நியாயமான கேள்வி. கிருமியே இல்லாமல் உணர்வு மட்டும் போன உடல்களைப் பார்ப்பதுதான் இதைச் சோதிக்கும் வழி, அப்படிப்பட்டவை உண்டு. 1868-ல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, சிபிலிஸ் தண்டுவடத்தைத் தாக்கி உணர்வு போனவர்களின் முழங்கால் மூட்டுகள் நொறுங்கி உருக்குலைவதை விவரித்தார். வலி இல்லாததால் உடைந்த மூட்டின் மீதே அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை நோயில் பாத எலும்புகள் அதேபோல் உருக்குலைவதை இன்றும் ‘ஷார்கோ பாதம்’ என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பிறவியிலேயே வலி அறியாதவர்கள் இன்னும் தெளிவான சான்று. 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, வட பாகிஸ்தானின் சில குடும்பங்களில் இந்தக் குறைபாட்டுக்கு எஸ்.சி.என்.9ஏ என்ற ஒரே மரபணுவின் பழுது காரணம் என்று காட்டியது. வலி நரம்புகளில் சோடியம் அயனிகள் நுழையும் வாயிலைக் கட்டும் மரபணு அது. அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த சிறுவன், தெருவில் கத்தியைக் கையில் குத்திக் காட்டியும் தணலில் நடந்து காட்டியும் பிழைத்தவன். பதினான்கு வயது ஆகுமுன் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அதே குடும்பங்களின் மற்றப் பிள்ளைகள் உதட்டையும் நாக்கையும் கடித்துச் சிதைத்திருந்தார்கள்; எலும்பு முறிந்ததே வெகுநாள் கழித்துத் தெரிந்தது. சிபிலிஸ், சர்க்கரை, மரபணு, தொழுநோய் என நான்கு காரணங்கள். நான்கிலும் பொதுவாக இருப்பது உணர்விழப்பு, நான்கின் முடிவும் ஒன்றே. கிருமி குற்றவாளிதான், ஆனால் அது செய்த குற்றம் நரம்பைக் கொன்றது. சதையையும் எலும்பையும் அழித்தது அன்றாட வாழ்க்கை.

உணர்வு கையை எப்படிக் காக்கிறது என்பதைப் பார்த்தால், இது வலி என்ற ஒற்றை எச்சரிக்கையைவிட நுட்பமான விஷயம் என்று தெரியும். சுவீடனின் உமெயோ நகர ஆய்வாளர்கள் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1984-ல் வெளியிட்ட சோதனைகள் இவ்வகையில் முக்கியமானவை. ஒரு பொருளைத் தூக்கும்போது விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றன என்று அளந்தார்கள். வழுக்கும் பட்டுக்கு அதிகம், சொரசொரப்பான தாளுக்குக் குறைவு. ஒவ்வொரு முறையும் நழுவாமல் இருக்கத் தேவையானதற்குச் சற்றே கூடுதலாக, அதற்கு மேல் இல்லை. பொருள் மயிரிழை நழுவினாலும் விரல்நுனி நரம்புகள் அதை உணர்ந்து, நாம் அறியுமுன், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், பிடியை இறுக்குகின்றன. விரல்நுனியை ஊசி போட்டு மரக்கச் செய்தால் இந்தக் கணக்கு குலைந்துபோகிறது. தசை அப்படியே இருக்கிறது, கண் பார்க்கிறது, ஆனாலும் பிடி தேவைக்கு மேல் இறுகுகிறது அல்லது பொருள் நழுவுகிறது. உணர்விழந்த கையில் புண் வருவதன் பாதி ரகசியம் இதில் இருக்கிறது. சாவியை மெல்லத் திருப்பும் நாம் நம்மை அறியாமலே பலத்தைக் குறைத்துக்கொள்கிறோம். மரத்த கை குறைப்பதில்லை. மறு பாதியைப் பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு நிறுவினார். எலியின் பாதத்தில் எந்திரம் கொண்டு மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, ஒருமுறை அழுத்தினால் எந்தச் சேதமும் செய்யாத அந்த அழுத்தமே சில நாளில் அழற்சியையும் பிறகு புண்ணையும் உண்டாக்கியது. நீண்ட தூரம் நடக்கும் நாம் அறியாமலே பாதத்தின் பாரத்தை உள்ளிருந்து வெளிக்கும், முன்னிருந்து பின்னுக்கும் மாற்றிக்கொள்கிறோம். மரத்த பாதம் முதல் அடியைப் போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறது. அதனால்தான் வேலூர், கரிகிரி வட்டாரத்தில் உருவாகிப் பரவிய, மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) ரப்பர் செருப்பு, ஓர் அறுவை சிகிச்சைக்குச் சமமான மருத்துவக் கண்டுபிடிப்பு என்று கருதுகிறேன்.

உணர்வு போனால் என்ன, அளவிடும் கருவியைக் கையில் மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கருவி யுகத்தில் இது தவிர்க்க முடியாத மறுப்பு. இதை வாயால் சொல்லாமல் செய்தே பார்த்தவர்கள் கார்வில் குழுவினர். அழுத்தம் உணரும் சிறு கருவிகளைக் கையுறையில் பதித்து, அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி எழுப்ப வைத்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், ஆனால் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டே நிறுத்தினார்கள். ஒலிக்குப் பதில், உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலை வந்தால் நோயாளி கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்த பின் மீண்டும் போட்டுக்கொண்டார். கருவிகளும் அடிக்கடி பழுதாயின. பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்தத் தோல்வி ஒரு பெரிய கண்டுபிடிப்பு. வலி வெறும் செய்தி அல்ல; புறக்கணிக்க முடியாத கட்டாயம் அதில் இருக்கிறது. நாமே அணைக்க முடிகிற எச்சரிக்கை வலியாகாது. இன்றைய செயற்கைக் கைகளில் எஞ்சிய நரம்போடு மின்முனைகளை இணைத்து, பிடிக்கும் பொருள் மெத்தென்றதா கடினமானதா என்று கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லும் அளவுக்கு உணர்வு கொடுத்திருக்கிறார்கள். 2014-ல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. அவை வெற்றி பெற்றதற்குக் காரணம், செய்தியைக் காதுக்கோ கண்ணுக்கோ அனுப்பாமல் நரம்புக்கே அனுப்பியதுதான். அந்த முன்னேற்றம் நரம்பின் இடத்தை வேறு எதுவும் எளிதில் நிரப்பாது என்ற வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

அப்படியானால் போன உணர்வை மீட்க முடியுமா? ஓரளவுக்கு முடியும், ஆனால் நேரம் கெடுபிடியானது. வெட்டுப்பட்ட நரம்பின் கீழ்ப்பகுதி இழைகள் சிதைந்து மறைவதை 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையில் கண்டு எழுதினார். இழைகள் போனாலும் அவற்றைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் வரிசையாக நின்று பாதை அமைக்கின்றன. மேற்பகுதியிலிருந்து புதிய இழைகள் அந்தப் பாதையில் வளர்ந்து வருகின்றன. வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்தருகே நரம்புக் கற்றை சிதைந்தால், 70 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள விரல்நுனிக்கு இழை வந்து சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. நரம்பின் தொடர்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அற்றுக் கிடந்தால், பிறகு நரம்பு வந்தாலும் தசை திரும்ப இயங்காது. எல்லாக் காயமும் ஒரே மாதிரியும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்டவர்களைப் பார்த்த செடன் என்ற மருத்துவர் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார்: நரம்பு அறாமல் தற்காலிகமாகச் செயல் நின்றது, உள்ளிழைகள் அறுந்து உறை மட்டும் தப்பியது, முழுவதும் அறுந்தது. முதல் வகை தானே தேறும். கடைசி வகை தைக்காமல் தேறாது. எந்த வகை என்று காத்திருந்து பார்ப்பதற்கும், காத்திருந்தே காலத்தை இழப்பதற்கும் இடையில்தான் கை அறுவை நிபுணர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தூரத்தைச் சுருக்க ஒரு வழி, நரம்பு மாற்று. வறண்ட வாய்க்காலின் தலைமடைக்கு ஓடாமல், கடைமடை அருகே ஓடும் பக்கத்து வாய்க்காலிலிருந்து நீர் திருப்புவது போல, தசைக்கு அருகே ஆரோக்கியமாக ஓடும் வேறொரு நரம்பின் சில இழைகளை எடுத்து இணைக்கிறார்கள். 1994-ல் பிரான்சின் ஓபர்லின், அல்னார் நரம்பின் ஒரு சிறு கற்றையைப் பிரித்து முழங்கை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்துக் காட்டினார். கொடுத்த நரம்புக்குப் பெரிய நஷ்டமில்லை, முழங்கை மடங்கியது. இன்று தோள் நரம்புக் காயங்களில் இது வழக்கமான சிகிச்சை.

ஆனால் இந்தப் பெரிய வெற்றிகளை உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவை அசைவைப் பற்றியவை. முழங்கை மடங்கியதா, மணிக்கட்டு நிமிர்ந்ததா, விரல் பிடித்ததா? உணர்வு மீட்பு பின்தங்கியே நிற்கிறது. வெட்டுப்பட்ட மீடியன் நரம்பை நுண்ணோக்கி வைத்துத் துல்லியமாகத் தைத்தாலும், வயது வந்தவரின் விரல்நுனி பழைய நுட்பத்தைப் பெறுவது அரிது. சிறு குழந்தைகளிடம் அதே தையல் வியக்கத்தக்க பலன் தருகிறது. நரம்பு ஒன்றுதான், வித்தியாசம் எங்கே? சுவீடனின் மால்மோ நகரில் லுண்ட்போரியும் ரோசெனும் இதற்கு மூளையில் விடை தேடினார்கள். வளரும் இழைகள் தவறான இடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. முன்பு ஆள்காட்டி விரலுக்குரியதாக இருந்த இழை இப்போது நடுவிரலில் முடியலாம். மூளைக்கு வரும் செய்தி கலைந்துவிடுகிறது. குழந்தையின் மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது, பெரியவரின் மூளை தடுமாறுகிறது. நரம்பு தைத்த கையின் முன்கைத் தோலில் மரப்புக் களிம்பு தடவினால், முன்கைக்கான மூளைப் பகுதிக்கு வேலை குறைந்து, அந்த இடம் பக்கத்திலிருக்கும் கைக்குப் பயன்பட, உணர்வுப் பயிற்சியின் பலன் கூடுவதை அவர்கள் 2006-ல் காட்டினார்கள். விலை குறைந்த களிம்பு, நெடுநாள் பயிற்சி. நரம்பு தைத்தவரிடம் ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவதில் நாம் எதை இழக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பஞ்சையும் மணலையும் காசையும் தடவி அடையாளம் சொல்லும் பயிற்சி சிகிச்சைக்குப் பின் வரும் ஒப்பனை அல்ல. சிகிச்சையின் இரண்டாம் பாதி அதுதான்.

வலியைப் போற்றுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்று சிலர் சொல்வார்கள். நரம்புக் காயத்தின் கொடுமையே வலிதான் என்பார்கள், அதுவும் உண்மை. தோள் நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் உணர்வே இல்லாத கையில் எரிச்சலும் முறுக்கலும் தாங்காமல் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வெட்டிய நரம்பின் முனை முடிச்சாகி, துணி பட்டாலே துடிக்க வைக்கிறது. சர்க்கரை நோயில் மரத்த பாதமே தீயாய் எரிகிறது. இவற்றுக்கு மருந்து வேண்டும், தாராளமாக வேண்டும். ஆனால் இந்த வலி எந்த ஆபத்தையும் அறிவிப்பதில்லை. பழுதான நரம்பு தானாக எழுப்பும் பொய்க் கூச்சல் அது. எரியும் பாதத்தில் ஆணி குத்தினால் தெரியாது என்பதே அதற்குச் சான்று. காக்கும் உணர்வை மீட்பதும் வீண் வலியை அடக்குவதும் ஒரே வைத்தியத்தின் இரண்டு வேலைகள். எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, பாதத்துக்கு உணர்வு இருக்கிறதா என்று சோதிக்காமல் விடுவதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே, இந்தப் பழங்கதை எதற்கு என்று நினைப்பவர்களுக்கு: பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் நீங்கியதாக இந்தியா அறிவித்தது 2005 டிசம்பரில். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்த அளவு. அதன் பிறகும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேல், உலகக் கணக்கில் பாதிக்கும் அதிகம். கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் செத்த நரம்பை எழுப்பாது. நரம்பு பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் மீட்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் வாய்ப்பு தேய்ந்துபோகும். இன்னொரு பக்கம், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று கணக்கிட்டது. பிராண்ட் தொழுநோயில் கற்ற பாடத்தைச் சர்க்கரைப் பாதத்துக்குக் கொண்டுபோனார். மாவுக்கட்டு முறை இன்று உலகெங்கும் அந்தப் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சை. வேலூர் கைகளின் அனுபவம் நம் ஊரில் பிறந்து, உலகம் சுற்றி, நம் ஊருக்கே தேவையாகத் திரும்பி வந்திருக்கிறது.

சோதனைக்குப் பெரிய எந்திரம் தேவையில்லை. உணர்வை அளக்கும் நைலான் இழை ஒன்று இருக்கிறது. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். அது பாதத்தில் பட்டது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குக் காப்புணர்வு இல்லை. கைக்கு அதைவிட மெல்லிய இழைகள் உண்டு. இழை இல்லாத இடத்தில் பால்பாயின்ட் பேனா நுனியை மெல்ல வைத்தே தொழுநோய்க் களப்பணியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஆகும். எலும்பு முறிவுக்கும் தசைநாண் வெட்டுக்கும் சிகிச்சை முடிந்து அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் ஒவ்வொரு மருத்துவரின் மேசையிலும் அந்த இழை இருக்க வேண்டும்; உணர்வின் அளவு நோயாளியின் அட்டையில் ரத்த அழுத்தத்தைப் போல எழுதப்பட வேண்டும்.

நீங்களும் காத்திருக்க வேண்டாம். உடம்பில் நிறம் வெளுத்து, தொட்டால் சுரணை இல்லாத தேமல் இருந்தால், அல்லது சுண்டுவிரல் பக்கம் மரத்து விரல் மடங்கத் தொடங்கினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் இரவு இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கையில் உணர்வு குறைந்தவர்கள் சூடான பாத்திரத்தைத் துணி சுற்றியே எடுங்கள், கருவிகளின் பிடியைத் தடிமனாக்குங்கள், வேலை முடிந்ததும் கைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நரம்புக்குத் தையல் போட்டுக்கொண்டவர்கள் உணர்வுப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.